அக்கவுண்ட்ல பணம் இருக்கு, ஆனா கடையில கடன்: நெட் படுக்கிற நாளுக்கு நாம ரெடியா?

இந்த வாரம் மியூச்சுவல் பண்டும் இல்ல, டாக்ஸும் இல்ல. ஒரு இன்ஹேலர் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ராசிபுரத்துல ஒரு மெடிக்கல் ஷாப், நைட் ஒன்பதரை மணி. அப்பாவுக்கு இன்ஹேலரும் ரெண்டு அட்டை மாத்திரையும் வாங்கினேன். பில் 640 ரூபாய். அன்னைக்குக் காலையிலதான் சம்பளம் ஏறியிருந்தது. ஸ்கேன் பண்ணினேன். சுத்துது, சுத்துது, கடைசியில "சர்வரை அணுக முடியவில்லை"ன்னு வந்துச்சு. இன்னொரு ஆப்பை எடுத்தேன். அதுவும் அதே பேங்க் அக்கவுண்ட்தான், அதனால அதே பதில். பர்ஸ்ல டெபிட் கார்டு இருந்தது. ஆனா பின் நம்பர் ஞாபகத்துல இல்ல, கார்டைத் தேய்ச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நோட்டா இருந்தது 70 ரூபாய்.

கடை அண்ணன் என் மூஞ்சியப் பாத்தாரு. "பரவால்ல தம்பி, நாளைக்கு வர்றப்ப குடுங்க. அப்பாவுக்கு மொதல்ல மருந்தக் குடுங்க"ன்னு சொல்லிட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவருக்கு எங்க அப்பாவ இருபது வருஷமா தெரியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒண்ணு உறுத்துச்சு. மாசா மாசம் எமர்ஜென்சி பண்டு பத்தி உங்ககிட்ட பேசுற ஆளு நான். ஆறு மாசச் செலவுக்கான பணம் என்கிட்ட இருக்கு. ஆனா அந்த நிமிஷத்துல 640 ரூபாய் இல்ல. என்னைக் காப்பாத்தினது என் பைனான்ஷியல் பிளானிங் இல்ல, ஒரு தெரிஞ்ச கடைக்காரர். இதே சம்பவம் பெங்களூர்லயோ சென்னையிலயோ, நான் யாருன்னே தெரியாத கடையில நடந்திருந்தா?

அதுக்கப்புறம்தான் இந்த "சர்வர் டவுன்" விஷயத்தை உக்காந்து படிச்சேன். படிச்சப்ப எனக்கு உறுதியான கருத்து இதுதான்: நம்ம பண வாழ்க்கையில பெரிய ரிஸ்க் மார்க்கெட் விழுறது மட்டும் இல்ல. பணத்துக்குப் போற வழி ஒண்ணே ஒண்ணா இருக்கிறதும் ஒரு ரிஸ்க்தான். இதைச் சரி பண்ண பெருசா செலவு ஆகாது. ஆனாலும் நம்மள்ல நிறைய பேர் பண்ணல.

முதல்ல, என்னதான் நடக்குது?

ஒரு ஆப்பைத் திறந்தா உங்க போன் முதல்ல பேங்கோட பேசாது. பேங்கோட பேரை மட்டும்தான் அதுக்குத் தெரியும். இன்டர்நெட்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் இருக்கிறது ஒரு நம்பர். "இந்தப் பேருக்கு எந்த நம்பர்?"னு போன் ஒரு இடத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கும். அந்த விசாரணை வேலையைச் செய்றதுதான் டிஎன்எஸ்.

நம்ம ராசிபுரம் பஸ் ஸ்டாண்டை நெனச்சுக்கோங்க. வெளியூர்லருந்து வந்த ஒருத்தர் "தம்மம்பட்டி பஸ் எங்க நிக்கும்?"னு விசாரணையில கேக்குறார். பதில் கெடைச்சா போய் ஏறிடுவார். இப்ப எங்கயும் போற எண்ணமே இல்லாத ஐநூறு பேரை யாரோ அனுப்பி, விசாரணை ஜன்னல்ல நெரிச்சு நின்னு அதே கேள்வியக் கேக்க வெச்சா? பஸ் நிக்குது, டிரைவர் இருக்கார், ரோடு நல்லா இருக்கு. ஆனா அந்த ஆளுக்குப் பஸ் எங்கன்னே தெரியாது. அவரைப் பொறுத்தவரை பஸ்ஸே இல்லைன்னுதான் அர்த்தம்.

இதுதான் டிடாஸ் அட்டாக். திருடன் உள்ள வரல, உங்க பணத்தையும் எடுக்கல. வாசலை அடைச்சு நின்னுட்டான், அவ்வளவுதான். அதனால "என் பணம் போச்சா?"னு பதற வேண்டியதில்ல. பணம் அங்கயேதான் இருக்கு. உங்களால போக முடியல.

தினமும் அதே பஸ்ல போறவருக்கு விசாரணையே தேவையில்ல, இடம் ஞாபகத்துல இருக்கும். போனும் அப்படித்தான், பழைய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சிருக்கும். அதனாலதான் உங்க போன்ல வேலை செய்யாத ஆப் பக்கத்து சீட் நண்பர் போன்ல வேலை செய்யும். "எனக்கு ஒர்க் ஆகுதே மச்சி"ன்னு அவன் சொன்னா அவன் பொய் சொல்லல.

இது சினிமாக் கதை இல்ல

2016 அக்டோபர் 21. அமெரிக்காவுல டைன்னு ஒரு டிஎன்எஸ் கம்பெனி. அதுமேல அலை அலையா அட்டாக். ட்விட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பாட்டிபை, ரெட்டிட், பணம் அனுப்புற பேபால் வரைக்கும் நிறைய பேருக்குத் திறக்கவே இல்ல. இந்தக் கம்பெனிகளோட சர்வர்ல எந்தக் கோளாறும் இல்ல. பேரைக் கேட்டா பதில் சொல்ல வேண்டிய இடம் மட்டும்தான் மூழ்கிப்போச்சு. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரே ஒரு டிஎன்எஸ் கம்பெனியை நம்பி இருந்தது அன்னைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுக்கப்புறம்தான் பலர் ரெண்டாவது டிஎன்எஸ் கம்பெனியையும் சேத்துக்கிட்டாங்க.

2020 ஆகஸ்ட்டுல நியூசிலாந்து பங்குச்சந்தை மேல இதே மாதிரி அட்டாக். தொடர்ந்து 4 நாள் வியாபாரம் தடைபட்டது. ஒரு நாட்டோட ஸ்டாக் எக்ஸ்சேஞ்சே அது.

இந்தியாவுக்கு வருவோம். 2021 ஜூலை 22, அகமாய் கம்பெனியோட டிஎன்எஸ் சேவையில ஒரு அப்டேட் கோளாறு. நம்ம ஊர்ல சொமேட்டோ, பேடிஎம், ஹாட்ஸ்டார் எல்லாம் கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. அது அட்டாக் இல்லைன்னு அகமாயே சொன்னது. 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்னைக்கு, அமேசான் கிளவுட்ல அவங்க சொந்த சாப்ட்வேர் ஒரு டிஎன்எஸ் பதிவை வெறுமையாக்கிடுச்சு. உலகம் முழுக்க ஏகப்பட்ட ஆப்கள் பல மணி நேரம் தடுமாறுச்சு. அதே வருஷம் டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டே கால் மணி வாக்குல கிளவுட்பிளேர் கோளாறு. மார்க்கெட் நடந்துட்டு இருந்த நேரம். ஜெரோதா, குரோ மாதிரி புரோக்கர் ஆப்கள் பாதிக்கப்பட்டுச்சு. சுமார் 25 நிமிஷம்தான். இன்ட்ராடேல பொசிஷன் வெச்சிருந்தவங்களைக் கேளுங்க, அந்த 25 நிமிஷம் எவ்வளவு நீளம்னு சொல்லுவாங்க.

கவனிச்சீங்களா? இதுல சிலது அட்டாக், சிலது சொந்தத் தப்பு. கடையில நிக்கிற நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். "யார் பண்ணினா"ங்கிறது போலீஸுக்கான கேள்வி. "இப்ப எப்படிப் பணம் கட்டுறது"ங்கிறதுதான் நமக்கான கேள்வி.

நாமளே அட்டாக் பண்ற நாள்

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது 2025 ஏப்ரல் 12. சனிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நாடு முழுக்க யுபிஐ சில மணி நேரம் தடுமாறுச்சு. அதுக்கு முன்னாடி மார்ச் 26-ம் தேதியும் ஒரு தடவை படுத்திருந்தது. அந்த மார்ச் மாசம் மட்டும் யுபிஐல நடந்த பரிவர்த்தனை ஏறத்தாழ 1,830 கோடி. அவ்வளவு பெரிய ரோடு அது.

ஏப்ரல் 12-க்கு என்ன காரணம்னு என்பிசிஐ பாத்தப்போ தெரிஞ்சது வெளிநாட்டு ஹேக்கர் இல்ல. "அந்தப் பேமென்ட் என்னாச்சு, என்னாச்சு"ன்னு ஸ்டேட்டஸ் கேக்குற கோரிக்கைகள். சில பேங்குகளோட சிஸ்டம் பழைய பரிவர்த்தனைக்கெல்லாம் திரும்பத் திரும்ப ஸ்டேட்டஸ் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. விசாரணை ஜன்னல்ல நம்ம ஆளுங்களே ஐநூறு தடவை நின்ன கதைதான்.

அதுக்கப்புறம்தான் 2025 ஆகஸ்ட் 1-லருந்து புது வரம்பு வந்தது. ஒரு ஆப்ல ஒரு நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பாக்கலாம். பெண்டிங்ல இருக்கிற பேமென்ட்டோட ஸ்டேட்டஸை 3 தடவைதான் பாக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 90 செகண்ட் இடைவெளி வேணும். "என் பேலன்ஸை நான் பாக்க எதுக்குடா லிமிட்?"னு அப்ப நிறைய பேர் கோவப்பட்டாங்க. எனக்கும் முதல்ல கோவம்தான். இப்ப காரணம் புரியுது.

இதுலருந்து நாம எடுத்துக்க வேண்டிய முதல் பழக்கம்: பேமென்ட் நின்னா, கையை எடுங்க. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீங்க. ரெண்டு நஷ்டம் இருக்கு. ஒண்ணு, நீங்களும் கூட்டத்துல ஒரு ஆளா ஆகி அடைப்பைக் கூட்டுறீங்க. ரெண்டு, முதல் பேமென்ட் தாமதமா போய்ச் சேந்தா ரெண்டு தடவை பணம் போயிடும். ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் வேற வழிக்குப் போங்க.

ரெண்டாவது பழக்கம் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும்: வீட்டு கேமராவோட பாஸ்வேர்டை மாத்துங்க. டைன் மேல அட்டாக் பண்ணின அந்த ஐநூறு பேர் யாருன்னு நெனக்கிறீங்க? பெரும்பாலும் சிசிடிவி கேமரா, அதோட ரெக்கார்டர், வீட்டு ரவுட்டர். மிராய்னு ஒரு வைரஸ், கம்பெனி போட்டுக் குடுத்த பாஸ்வேர்டு பட்டியல் ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கருவியா தட்டிப் பாக்கும். அட்மின், அட்மின்னு அப்படியே விட்டிருந்தா உள்ள புகுந்துடும். ஓனருக்குத் தெரியவே தெரியாது, கேமரா எப்பவும்போல படம் காட்டிக்கிட்டிருக்கும். மிராயை எழுதினதா 2017 டிசம்பர்ல அமெரிக்க கோர்ட்டுல ஒத்துக்கிட்டது 3 இளைஞர்கள்.

இப்ப நம்ம ஏரியாவைப் பாருங்க. சேகோ மில்லுல கேமரா, தறிப்பட்டறையில கேமரா, கோழிப்பண்ணையில கேமரா, வீட்டு வாசல்ல கேமரா. மாட்டிட்டுப் போனவர் வெச்ச பாஸ்வேர்டுதான் நிறைய இடத்துல இன்னும் ஓடிட்டிருக்கும். உங்க வீட்டுதும் அப்படியான்னு இன்னைக்கே பாத்துடுங்க. நாளைக்கு எங்கயோ ஒரு பேங்க் வாசலை அடைக்கிற கூட்டத்துல நம்ம வீட்டு கேமராவும் நிக்கக்கூடாது.

ரெண்டு ஆப் வெச்சிருந்தா ரெண்டு வழி ஆகாது

நான் பண்ணின தப்பு இதுதான். ரெண்டு யுபிஐ ஆப், ரெண்டுக்கும் பின்னாடி ஒரே பேங்க். ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் வெச்சா ரெண்டு வீடு ஆயிடாது.

இன்னும் ஒரு படி உள்ள போய்ப் பாருங்க. 2024 ஜூலை 31. சி-எட்ஜ்னு ஒரு டெக்னாலஜி கம்பெனி, நிறைய கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் பின்னணி வேலை பாக்குது. அங்க ரான்சம்வேர் தாக்குதல். பரவிடக்கூடாதுன்னு என்பிசிஐ அந்தக் கம்பெனியோட இணைப்பைத் துண்டிச்சது. சுமார் 300 சின்ன பேங்குகளோட யுபிஐ, ஏடிஎம் சேவை நின்னுபோச்சு. மறுநாள்தான் சரியாச்சு. உங்களுக்கு ரெண்டு சின்ன பேங்க்ல அக்கவுண்ட் இருந்தாலும், ரெண்டுக்கும் பின்னாடி ஒரே கம்பெனி இருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் விழும்.

அதனால நான் சொல்ற அமைப்பு இது.

1. சம்பள அக்கவுண்ட் ஒரு பேங்க், ரெண்டாவது அக்கவுண்ட் வேற வகை பேங்க். ஒண்ணு தனியார் பேங்க்னா இன்னொண்ணு அரசு பேங்க். மினிமம் பேலன்ஸ் பயமா? அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. ரெண்டாவதுல ஒரு 5,000 ரூபாய் எப்பவும் இருக்கட்டும். எந்த பேங்கைத் தேர்ந்தெடுக்கலாம்னு குழப்பமா இருந்தா என்பிசிஐ வெப்சைட்டுக்குப் போங்க. பெரிய பேங்குகள் ஒவ்வொண்ணுலயும் எத்தனை சதவீத யுபிஐ பேமென்ட் டெக்னிக்கல் காரணத்தால தோத்துச்சுன்னு மாசா மாசம் போடுறாங்க. விளம்பரத்தை விட அந்த டேபிள் உண்மை பேசும்.

2. ஆப்பும் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் முதன்மை அக்கவுண்ட் வேற வேற. ஒண்ணு படுத்தா இன்னொண்ணைத் திறந்தவுடனே வேற பேங்க் வரணும்.

3. யுபிஐ லைட். 1,000 ரூபாய் வரைக்குமான சின்ன பேமென்ட்டுக்கு பின் தேவையில்ல, ஒவ்வொரு தடவையும் பேங்கோட மெயின் சர்வரைத் தொடவும் தேவையில்ல. அதிகபட்சம் 5,000 ரூபாய் வெச்சுக்கலாம். பேங்க் சர்வர் திணறுற நாள்ல இது பல தடவை வேலை செய்யும். ஆனா யுபிஐயே மொத்தமா படுத்தா இதையும் நம்ப முடியாது.

4. *99#. இதுக்கு இன்டர்நெட்டே வேணாம். பேங்க்ல பதிவான நம்பர்லருந்து டயல் பண்ணா மெனு வரும். உங்க நெட்டோ டிஎன்எஸ்ஸோ படுத்த நேரத்துல இது தனி வழி. ஒரு தடவை 10 ரூபாய் அனுப்பிப் பழகிக்கோங்க. அவசரத்துல முதல் தடவையா கத்துக்க முடியாது.

5. டெபிட் கார்டும், அதோட பின் நம்பரும். பின் தெரியாத கார்டு வெறும் பிளாஸ்டிக் அட்டை. மாசம் ஒரு தடவையாவது ஏடிஎம்ல 500 ரூபாய் எடுங்க.

6. நோட்டு. வீட்டுல 3,000 ரூபாய், பர்ஸ்ல 500 ரூபாய். 500 ரூபாய் நோட்டா மட்டும் வேணாம், 100, 50-ஆவும் வெச்சுக்கோங்க. எல்லாருக்கும் யுபிஐ படுத்த நாள்ல சில்லறை கெடைக்காது.

"இந்தக் காலத்துல கேஷா? பின்னோக்கிப் போறீங்களே"ன்னு சில பேர் கேப்பாங்க. 3,500 ரூபாயை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வெக்காம கையில வெச்சா வருஷத்துக்கு நஷ்டம் நூறு ரூபா வட்டி. வருஷத்துக்கு நூறு ரூபா பிரீமியத்துல ஒரு இன்சூரன்ஸ் கெடைச்சா வாங்க மாட்டீங்களா? இதை நான் அப்படித்தான் பாக்குறேன்.

ஆப் திறக்கலையா? இந்த வரிசையில பாருங்க

முதல்ல வைபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க. அதுல வேலை செஞ்சா பிரச்சனை பேங்க்ல இல்ல, உங்க பிராட்பேண்ட் கம்பெனியோட டிஎன்எஸ்ல இருக்கலாம். அதை நீங்களே சரி பண்ணலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல "பிரைவேட் டிஎன்எஸ்"னு ஒண்ணு இருக்கும், கூகுள் அல்லது கிளவுட்பிளேரோட பொது டிஎன்எஸ் பேரை அங்க போடலாம். லேப்டாப்ல 8.8.8.8 இல்ல 1.1.1.1 போதும்.

ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். அட்டாக் பேங்கோட சொந்த டிஎன்எஸ் மேல நடந்தா நீங்க எந்த செட்டிங்கை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. பஸ் ஸ்டாண்டு விசாரணையே அடைபட்டிருக்கும்போது வேற ஆளை அனுப்பிக் கேட்டும் பலன் இல்ல. அப்ப நம்ம கையில இருக்கிற ஒரே வழி மாற்று வழிதான்.

அந்த நேரத்துல பண்ணக்கூடாதது ரெண்டு. புதுசா ஏதாவது விபிஎன் ஆப், "நெட் ஸ்பீடு பூஸ்டர்" ஆப்னு டவுன்லோடு பண்ணி அதுவழியா பேங்க் ஆப்பைத் திறக்காதீங்க. கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடாதீங்க. சர்வர் படுத்த நேரம்தான் போலி கஸ்டமர் கேர்காரங்களுக்கு சீசன். கார்டோட பின்பக்கம் இருக்கிற நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க. பேங்க் வெப்சைட் முகவரியையும் கவனிங்க. 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பேங்கும் "டாட் பேங்க் டாட் இன்"னு முடியுற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டுச்சு. பேங்க் மாதிரி பேரு, ஆனா முடிவு வேற மாதிரின்னா வெளிய வந்துடுங்க. ஏமாந்துட்டா யோசிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

கடைசி நாள் வியாதி

நம்மளுக்கு ஒரு பழக்கம், எதையும் கடைசித் தேதியிலதான் செய்வோம். கிரெடிட் கார்டு பில் 5-ம் தேதின்னா 5-ம் தேதி நைட் பதினொன்றரைக்கு. ஐடி ரிட்டர்ன் கடைசித் தேதின்னா அன்னைக்கு சாயங்காலம். 2025-ல ரிட்டர்ன் கடைசித் தேதி செப்டம்பர் 15. கடைசி நேரத்துல போர்ட்டல் திணறி, ஒரு நாள் கூடுதலா குடுத்தாங்க. ஒவ்வொரு வருஷமும் அப்படிக் குடுப்பாங்கன்னு நம்பி உக்காந்தா 5,000 ரூபாய் வரைக்கும் லேட் பீஸ்.

கடைசி நாள்ல எல்லாரும் வருவாங்க. எல்லாரும் வர்ற நாள்ல சர்வர் படுக்க வாய்ப்பு அதிகம். அட்டாக் பண்றவனும் வலிக்கிற நாளாப் பாத்துத்தான் பண்ணுவான். அதனால நான் வெச்சிருக்கிற விதி: எந்தத் தேதியா இருந்தாலும் அதுக்கு 3 நாள் முன்னாடிதான் என்னோட கடைசித் தேதி.

இஎம்ஐ பத்தி ஒரு நிம்மதியான விஷயம். ஆட்டோ டெபிட் உங்க போன் வழியா போறதில்ல, பேங்குக்கும் பேங்குக்கும் நடுவுல நடக்குது. அக்கவுண்ட்ல முன்கூட்டியே பணம் இருந்தா உங்க ஆப் படுத்தாலும் இஎம்ஐ போயிடும். கடைசி நாள் வேற பேங்க்லருந்து மாத்தலாம்னு இருந்தவங்கதான் மாட்டுவாங்க: பவுன்ஸ் சார்ஜ், சிபில்ல கறை. கிரெடிட் கார்டுல, கெடு முடிஞ்சு 3 நாளுக்கு மேல ஆனாத்தான் லேட் பீஸ் போடலாம், சிபிலுக்குச் சொல்லலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. இது அவசரத்துக்கு. வழக்கமா வெச்சுக்காதீங்க.

டிரேடிங் பண்றவங்களுக்கு: ஆர்டர் போடும்போதே ஸ்டாப் லாஸும் போட்டுடுங்க, அது எக்ஸ்சேஞ்சுல போய் உக்காந்துக்கும். "நான் பாத்துக்கிட்டே இருப்பேன், விழுந்தா வித்துடுவேன்"னு நெனச்சா, பாக்குற ஜன்னலே மூடிக்கிற நாள் வரும். புரோக்கரோட கால் அண்ட் டிரேட் நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க. 2023 அக்டோபர்ல ஐஆர்ஆர்ஏன்னு ஒரு பிளாட்பார்ம் வந்திருக்கு. புரோக்கரோட சிஸ்டம் மொத்தமா படுத்தா, அது வழியா ஓப்பன் பொசிஷனை முடிக்கலாம், பெண்டிங் ஆர்டரை கேன்சல் பண்ணலாம். புதுசா வாங்க முடியாது. ஆனா அதை இயக்க வேண்டியது புரோக்கரோ எக்ஸ்சேஞ்சோதான், நீங்களா திறக்க முடியாது. எஸ்ஐபி போடுறவங்க கவலையே பட வேணாம். ஒரு நாள் தள்ளிப்போனா இருபது வருஷக் கணக்குல ஒண்ணும் ஆகாது.

பணம் கட் ஆச்சு, கடைக்குப் போகல. அப்ப?

இதுல உங்களுக்கு உரிமை இருக்கு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி, ஒருத்தருக்கு அனுப்பின யுபிஐ பணம் உங்க அக்கவுண்ட்ல கட் ஆகி அவருக்குச் சேரலைன்னா, அடுத்த நாளுக்குள்ள திரும்பி வரணும். கடைக்குக் கட்டினதா இருந்தா 5 நாளுக்குள்ள. அதுக்கு மேல ஆனா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு, நீங்க கேக்காமலே தரணும்.

அதனால ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க, 12 இலக்க யுடிஆர் நம்பரைக் குறிச்சுக்கோங்க. ஆப்லயே புகார் பதியுங்க, அப்புறம் பேங்குக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா இல்ல பதில் திருப்தியா இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன். உதவி நம்பர் 14448. செலவு எதுவும் கிடையாது.

"இதெல்லாம் பேங்க் பாக்க வேண்டிய வேலை இல்லையா?"

நியாயமான கேள்வி. ஆமா, முதல் பொறுப்பு அவங்களுதுதான். 2025 மே மாசம் இந்தியா பாகிஸ்தான் பதற்றம் நடந்தப்போ நிதியமைச்சர் பேங்குகளையும் என்பிசிஐயையும் கூப்பிட்டுப் பேசினாங்க. டிடாஸ் தடுப்பு சிஸ்டம் போட்டிருக்கோம்னு பேங்குகள் சொன்னாங்க. அடிக்கடி படுத்த ஒரு பெரிய தனியார் பேங்கை, புதுசா கிரெடிட் கார்டே குடுக்கக்கூடாதுன்னு 2020 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் நிறுத்தி வெச்சதும் உண்டு. இந்தக் கண்டிப்பு இன்னும் வேணும்.

என்னோட கோரிக்கை ஒண்ணு. சர்வர் படுத்தா "தொழில்நுட்பக் காரணம்"னு ஒரு வரி மெசேஜ் போதாது. எப்ப ஆரம்பிச்சது, என்ன காரணம், எப்ப சரியாகும், அதுவரைக்கும் எந்த வழி திறந்திருக்குன்னு எஸ்எம்எஸ்ல சொல்லணும். அன்னைக்கு நைட் மெடிக்கல்ல நின்ன எனக்கு "கார்டு வேலை செய்யும், யுபிஐ மட்டும்தான் இல்ல"ன்னு ஒரு வரி வந்திருந்தா அதுவே பெரிய உதவி.

ஆனா பேங்க் எவ்வளவுதான் சரியா இருந்தாலும் நூத்துக்கு நூறு சாத்தியமில்ல. அமேசானும் கிளவுட்பிளேரும் விழுந்திருக்கு. அவங்க பக்கம் சரியாகட்டும், நம்ம பக்கத்தையும் நாம பாத்துக்குவோம். ரெண்டுமே வேணும்.

இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம்

காலையில காபி குடிச்சிட்டு உக்காருங்க. டெபிட் கார்டு பின் ஞாபகம் இருக்கான்னு பாருங்க. *99#-ல 10 ரூபாய் வீட்டுல யாருக்காவது அனுப்புங்க. ரெண்டாவது ஆப்ல முதன்மை அக்கவுண்ட்டை மாத்துங்க. பேங்க் நம்பர், புரோக்கர் நம்பர், 1930, 14448 நாலையும் சேவ் பண்ணுங்க. கேமரா பாஸ்வேர்டையும் ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாத்துங்க. அப்படியே ஏடிஎம் வரைக்கும் நடந்துபோய் 3,500 ரூபாய் எடுத்துட்டு வாங்க.

அப்பா அம்மாவுக்கும் இதைப் பண்ணிக் குடுங்க. அவங்களை யுபிஐக்கு மாத்தினதே நாமதான். அது நிக்கிற நாள்ல என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுக்கிறதும் நம்ம பொறுப்புதான்.

மெடிக்கல் அண்ணனுக்கு மறுநாள் காலையிலயே 640 ரூபாய் குடுத்துட்டேன். நோட்டாத்தான் குடுத்தேன். "என்ன தம்பி, நெட்டு இன்னும் வரலையா?"ன்னு சிரிச்சாரு. வந்துடுச்சுண்ணா, ஆனா இனிமே அதை மட்டும் நம்பி வரமாட்டேன்னு சொன்னேன்.